மஞ்சள் கை

கடைக்கு வந்தவள் சேலை வாங்குவாளா மாட்டாளா என்பதை அவள் விரலைப் பார்த்தே லோகநாயகி சொல்லிவிடுவாள். வாய் என்ன வேண்டுமானாலும் பேசும். "சும்மா பாக்கத்தான் வந்தேன்" என்று சொல்லிக்கொண்டே முந்தானையைக் கட்டைவிரலால் நெருடுகிறவள் வாங்காமல் போகமாட்டாள். கையைக் கட்டிக்கொண்டு "அத எடு, இத எடு" என்கிறவள், அலமாரி முழுவதையும் பிரித்துப் போட்டாலும், கடைசியில் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு எழுந்து போவாள்.

தென்காசியில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நின்றே அவளுடைய வயசு போனது. அங்கே விற்கிறவர்கள் உட்காரக் கூடாது. முட்டி தேய்ந்ததுதான் மிச்சம். கொரோனாவில் கடையை மூடினார்கள். மறுபடி திறந்தபோது சின்னப் பெண்களாகப் பார்த்து எடுத்துக்கொண்டார்கள். லோகநாயகி இலஞ்சியில் வீட்டோடு கிடந்தாள். புருஷன் பலவேசம் தோப்புகளில் தேங்காய் பிடித்துக் கமிஷன் மண்டிக்குப் போடுகிறவர். பிள்ளைகள் வெளியூரில். சமைப்பது, துவைப்பது, பலவேசத்தோடு மல்லுக்கட்டுவது என்று ஓடிக்கொண்டிருந்தபோது இந்த வேலை வந்தது.

ஒரு அறக்கட்டளை, வீட்டில் படுத்துக் கிடக்கிற நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் பயிற்சியைப் பெண்களுக்கு நடத்தியது. திங்கள் முதல் வெள்ளி வரை மதியத்தில் போனிலேயே பாடம். சனிக்கிழமை மேலகரத்தில் ஒரு மண்டபத்து மாடியில் நேரில் செய்முறை. முடித்தால் சர்டிபிகேட். அது கையில் இருந்தால் செங்கோட்டை தாண்டிப் போய்க் கேரளாவில் நல்ல வீடுகளில் வேலை கிடைக்கும். பாடம் எடுப்பவர் ஏசுவடியான் சார், ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ரிட்டயர் ஆனவர், பாளையங்கோட்டையில் தன் வீட்டில் இருந்தபடியே பேசுவார். நல்ல மனுஷன். ஆனால் அவர் பேச ஆரம்பித்தால் நோயாளிக்கே தூக்கம் வந்துவிடும்.

லோகநாயகியின் வேலை, வந்த பெண்களை ஓடவிடாமல் பிடித்து வைப்பது. அறக்கட்டளை ஆபீஸ் பெண் அதை 'என்கேஜ்மெண்ட்' என்றாள்.

"கஸ்டமர எந்திரிக்க விடக் கூடாது. அவ்வளவுதானம்மா?" என்று கேட்டாள் லோகநாயகி.

"கிட்டத்தட்ட அதுதான் மேடம்."

அது அவளுக்குக் கைவந்த வேலை. லேப்டாப்பை அடுக்களையில் அரிசி டிரம்மின் மேல் வைத்துக்கொண்டு, சார் வருவதற்கு முன்னாலேயே ஒவ்வொருத்தியாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள்.

"ஏட்டி சாஜிதா, இன்னைக்கு என்ன கொழம்பு?"

"புளிக்கொழம்புக்கா." சாஜிதா சிவகிரிக்காரி. பஸ் மாறி வரவேண்டும் என்பதால் பாதி சனிக்கிழமை வரமாட்டாள்.

"மீன் கிடைக்கலியோ?"

"மீன்காரருக்கு எங்க தெரு கண்ணுக்குத் தெரியாதுக்கா."

"நூரு, நீ பீடி சுத்துத சத்தம் இங்கன கேக்குது. அத ஓரமா வச்சிட்டு சார் சொல்லுதத கேளு."

"பீடி சுத்துததுல சத்தமா வரும்? நீங்க என்னக்கா, சாத்தான் மாதிரி காது வச்சிருக்கீக" என்பாள் மேலகரத்து நூர்நிஷா. எல்லாரும் சிரிப்பார்கள். அதோடு பாடம் ஆரம்பிக்கும்.

ஒன்றே ஒன்றுதான் அவளுக்கு ஒத்துவரவில்லை. யாரும் கேமராவைப் போடமாட்டார்கள். நைட்டியோடு இருக்கிறேன் என்பாள் ஒருத்தி, டேட்டா தீர்ந்துவிடும் என்பாள் இன்னொருத்தி, மாமனார் திட்டுவார் என்பாள் மற்றவள். திரை முழுக்கக் கறுப்புக் கட்டம், கட்டத்துக்குள் பெயர். முகமும் தெரியாது, விரலும் தெரியாது. உள்ளே ஆள் இருக்கிறதா, போனை அடுப்புத் திண்டில் வைத்துவிட்டு ரேஷன் கடைக்குப் போய்விட்டாளா, எப்படிக் கண்டுபிடிப்பது?

அதற்கு லோகநாயகி ஒரு சட்டம் போட்டாள். பாடத்தின் நடுவில் அவள் திடீரென்று "கை" என்பாள். எல்லாரும் போனில் கை படம் போட்ட இடத்தை அமுக்க வேண்டும். திரையில் அவரவர் பெயருக்குப் பக்கத்தில் மஞ்சள் கை ஒன்று எழும்பும். எண்ணிப் பார்த்துவிட்டு, எல்லாக் கையையும் இறக்குகிற பொத்தானை அவள் அமுக்குவாள். மூன்று தடவை கை வரவில்லை என்றால் பெயரை அடித்துவிடுவாள். பிறகு சர்டிபிகேட் கிடையாது.

"யாருட்டி நீ, கையத் தூக்கு கையத் தூக்குன்னு, போலீஸ்காரி மாதிரி" என்றார் பலவேசம், கஞ்சி குடித்துக்கொண்டே.

"உங்களுக்கும் சேத்துத்தான் சொல்லுதேன். தட்டக் கழுவி வைங்க."

சட்டம் வேலை செய்தது. எப்போது கூப்பிட்டாலும் கைகள் எழும்பின. ஆபீஸ் பெண் பூரித்துப்போனாள்.

எல்லாருக்கும் முந்தி எழும்புவது அபர்ணாவின் கை. "கை" என்ற வார்த்தை லோகநாயகியின் வாயை விட்டு விழுவதற்குள் அது நிற்கும். அபர்ணாவும் மேலகரம்தான், நூர்நிஷாவின் தெரு. ஒல்லியான, அதிகம் பேசாத பெண். புருஷன் விஜய்பாண்டி சவுதியில் டிரைவர். சனிக்கிழமை செய்முறைக்கு அவள் ஒருநாளும் தப்பியதில்லை.

செய்முறைக்கு ஒரு ரப்பர் பொம்மை உண்டு. ஆள் உயரம், ஆள் கனம். பெண்கள் அதற்கு 'மாமியா' என்று பெயர் வைத்திருந்தார்கள். "மாமியாவப் பெரட்டுட்டி", "மாமியா வாயில தண்ணிய ஊத்து, மூக்குல ஊத்திராத, செத்துரப் போறா" என்று மாடியே அதிரும். கோபம் இருந்தவளெல்லாம் அதன் கன்னத்தில் ரெண்டு போடுவாள். அபர்ணா மட்டும் போடமாட்டாள். ஒரு கையைத் தோளுக்கு அடியிலும் ஒரு கையை இடுப்புக்கு அடியிலும் கொடுத்து, பொம்மைக்கு வலிக்கும் என்பதுபோலப் புரட்டுவாள். புரட்டிய பிறகு முதுகுப் பக்கம் கையை வைத்துத் தடவிப் பார்ப்பாள். யாரும் அதைச் சொல்லிக் கொடுக்கவில்லை.

"பாருங்கட்டி அந்தப் பிள்ளைய" என்று மற்றவர்களுக்குக் காட்டினாள் லோகநாயகி.

மாதம் ஒருமுறை நன்றாகக் கலந்துகொள்கிறவளுக்கு ஒரு பரிசு தரலாம் என்று ஆபீஸில் சொன்னார்கள். எவர்சில்வர் டிபன் கேரியர். அபர்ணாவின் பெயரைச் சொன்னபோது எல்லாரும் கை தட்டினார்கள். அவள் எழுந்து வந்து வாங்கிக்கொண்டாள். முகத்தில் ரத்தமே இல்லை. கூச்சப்படுகிறாள் என்று லோகநாயகி நினைத்தாள்.

அதற்குப் பிறகுதான் அந்தக் கை தானாக எழும்ப ஆரம்பித்தது.

கேட்காமலே எழும்பும். லோகநாயகி இறக்குவாள். மறுபடி எழும்பும். இறக்குவாள். சார் தண்ணீர் கொடுப்பது பற்றிப் பேசிக்கொண்டிருப்பார், திரையின் ஓரத்தில் அபர்ணாவின் கட்டத்தில் மஞ்சள் கை நிற்கும். "அபர்ணா, என்னம்மா சந்தேகம்? மைக்கப் போட்டுக் கேளு" என்றால் பதில் வராது. கை மட்டும் நிற்கும்.

"அபர்ணாவுக்குக் கை வலிக்காதா?" என்று யாரோ கேட்டார்கள். சிரித்தார்கள்.

அந்தச் சனிக்கிழமை லோகநாயகி அவளைத் தனியாகப் பிடித்தாள். "என்னட்டி, சும்மா சும்மா கையத் தூக்குதே. சாரு கோவப்படுதாரு."

அபர்ணா பொம்மைக்குப் போர்த்திய துணியை மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்பதை நிறுத்தவில்லை. "சின்னது ஒண்ணு கெடக்குக்கா வீட்டுல. போனக் கண்டா விடாது. இனி பாத்துக்கிடுதேன்."

பிள்ளை என்று லோகநாயகி எடுத்துக்கொண்டாள். பிள்ளை இருக்கிற வீட்டில் போனுக்கு என்ன மரியாதை.

அடுத்த வாரம் படுக்கைப் புண் பாடம். ஒரே பக்கமாகப் படுத்துக் கிடந்தால் முதுகிலும் இடுப்பிலும் தோல் எப்படிச் சிவந்து, கறுத்து, வெடித்து, உள்ளே குழி விழும் என்று சார் படம் படமாகப் போட்டுக் காட்டினார். யாரும் குழம்பு பற்றிப் பேசவில்லை. சார் முதல் படத்தைப் போட்டபோது அபர்ணாவின் கை எழும்பியது. லோகநாயகி இறக்கினாள். எழும்பியது. இறக்கினாள். எழும்பியது. நடுவில் அவளுடைய மைக்கும் திறந்துகொண்டது. ஃபேன் சுற்றுகிற சத்தம். அதற்குள்ளே இன்னொரு சத்தம், ஈரத் துணியைத் தரையில் இழுப்பது மாதிரி, விட்டு விட்டு.

"லோகநாயகிம்மா, அந்தப் பொண்ண மொதல்ல மியூட் பண்ணுங்க" என்றார் சார். "முக்கியமான பாடம் நடத்துறேன். கூத்தா இருக்கு."

லோகநாயகி மைக்கை அடைத்தாள். கை மறுபடி நின்றது. அவளுக்கு ஆத்திரம் வந்துவிட்டது. வகுப்பை விட்டு வெளியே தள்ளுகிற பொத்தான் ஒன்று இருக்கிறது. அதை அமுக்கினாள். அபர்ணாவின் கட்டம் போயே போய்விட்டது. சார் நிம்மதியாக அடுத்த படத்துக்குப் போனார்.

அந்தச் சனிக்கிழமை முதல் தடவையாக அபர்ணா செய்முறைக்கு வரவில்லை. குற்றாலத்தில் சீசன் தொடங்கியிருந்தது. மலையில் மேகம் இறங்கி, சாரல் மேலகரம் வரை அடித்துக்கொண்டிருந்தது. டீ குடிக்கும்போது நூர்நிஷா ஜன்னல் பக்கம் வந்து நின்றாள்.

"அபர்ணா எங்க நூரு? அன்னைக்கு வெளிய தள்ளிட்டேன்னு கோவமோ?"

"கோவம் என்ன கோவம். சீசன்லா. லாட்ஜுல ரூம் கூட்டுதால்லா, சனிக்கிழமையும் வரச் சொல்லியிருப்பாக. மத்த நாளு எப்பவும் மதியம் போயி, பொழுதடையத்தான வாரா."

"மதியம் கிளாஸுல இருக்காளே."

"எந்தக் கிளாஸுல? அவ ஒரு மணி பஸ்ஸுக்கு ஓடுதத நான் வாசல்ல இருந்து பாக்கேன்."

லோகநாயகி டம்ளரைக் கீழே வைத்தாள். "அப்ப போன வீட்டுல வச்சிட்டுப் போறாளா? அந்தப் பிள்ள எடுத்து அமுக்குதானாக்கும். தனியாவா விட்டுட்டுப் போறா?"

"யாரு பிள்ள?"

"அபர்ணா பிள்ளதான்."

"அவளுக்கு எங்கனக்கா பிள்ள?" நூர்நிஷா சிரித்தாள். "அதுக்குத்தான டாக்டர் டாக்டரா அலைஞ்சா."

"அப்ப பக்கத்து வீட்டுப் பிள்ளையா இருக்கும்."

"பக்கத்து வீடு நாந்தான். எம்பிள்ள காலேஜு படிக்கு."

மழை சற்று வலுத்தது. யாரோ பின்னால் பொம்மையைத் தொப்பென்று கட்டிலில் போட்டார்கள்.

"வேற யாரு இருக்கா அந்த வீட்டுல?"

"யாருமில்ல. மாமியா ஒண்ணு இருந்துச்சு, குருவம்மா ஆச்சி. வாதம் வந்து பேச்சு போயிருச்சு, ஒரு பக்கம் விழுந்துருச்சு. திருநவேலிக்கு மக வீட்டுக்கு அனுப்பிட்டோம்னு சொன்னா. போயி ரொம்ப நாளாச்சு."

"போனத நீ பாத்தியா?"

நூர்நிஷா யோசித்தாள். "காரு வந்ததப் பாக்கல" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க லோகநாயகிக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. போய்க் கதவைத் தட்டிக் கேட்க ஒரு மனது. அடுத்தவள் வீட்டில் நாம் யார் போய் மூக்கை நுழைக்க என்று இன்னொரு மனது. பலவேசத்திடம் சொன்னாள். "உனக்கு டிவி சீரியல் ஜாஸ்தியாயிட்டு" என்றார் அவர்.

திங்கட்கிழமை வகுப்பில் அவள் வாயைத் திறக்காமல் அபர்ணாவின் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முன்பு போல அது அடிக்கடி எழும்பவில்லை. "கை" என்றபோதும் எல்லாருக்கும் கடைசியாக, தயங்கித் தயங்கி வந்தது. சார் வணக்கம் சொன்னதும் பெண்கள் எப்போதும் போல ஓட்டமாக ஓடினார்கள். கட்டங்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. அபர்ணா மட்டும் போகவில்லை.

அவள் என்றைக்குமே போனதில்லை. வகுப்பு முடிந்த பிறகும் கடைசியாக நிற்பது அந்தக் கட்டம்தான். எவ்வளவு அக்கறை என்று மெச்சிக்கொண்டு, எல்லாவற்றையும் மொத்தமாக முடிக்கிற பொத்தானை லோகநாயகி அமுக்கிவிட்டுப் பாத்திரம் தேய்க்கப் போய்விடுவாள். இன்றைக்கு அமுக்கவில்லை.

"அபர்ணா, இருக்கியாம்மா?"

ஒன்றுமில்லை.

"அங்கன இருக்கது அபர்ணா இல்லன்னா, கையத் தூக்குங்க."

வட்டம் ஒன்று சுற்றியது, நெட்வொர்க் இழுத்தது. மஞ்சள் கை எழும்பி நின்றது.

லோகநாயகி அதை இறக்கினாள். "குருவம்மா ஆச்சியா?"

கை.

"வீட்டுல வேற யாரும் இருக்காங்களா ஆச்சி? இருந்தா தூக்குங்க."

நின்று பார்த்தாள். கை வரவில்லை.

"கதவு வெளிய பூட்டியிருக்கா?"

கை.

"தண்ணி குடிச்சீகளா?"

வரவில்லை. அடுக்களை ஜன்னலில் காற்று அறைந்தது. பலவேசம் கஞ்சித் தட்டோடு வாசல்படியில் வந்து நின்றார்.

"வலிக்குதா ஆச்சி?"

கை எழும்பியது. அவள் இறக்கினாள். கேட்காமலே மறுபடி எழும்பியது. இறக்கினாள். எழும்பியது. அன்றைக்குப் புண் பாடத்தில் எழும்பியதும் இதே மாதிரிதான்.

"வாரேன் ஆச்சி. இன்னா வந்துட்டேன்" என்றாள் லோகநாயகி. போனை நூர்நிஷாவுக்குப் போட்டுக்கொண்டே புருஷனைப் பார்த்தாள். "வண்டிய எடுங்க. அந்தக் கடப்பாரையையும் எடுங்க."

பலவேசம் தட்டைக் கழுவாமலே வைத்தார்.

இலஞ்சியில் இருந்து மேலகரம் ஒன்றும் தூரமில்லை. ஆனால் சாரல் முகத்தில் ஊசியாகக் குத்தியது. குற்றாலத்துக்குப் போகிற கார்கள் வரிசையாக நின்றுகொண்டு வழியை அடைத்தன. துண்டைத் தோளில் போட்ட ஆண்கள் சிரித்துக்கொண்டே குறுக்கே நடந்தார்கள். லோகநாயகி கடப்பாரையை மடியில் குறுக்காகப் பிடித்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருந்தாள்.

தெருக்கோடியில் நூர்நிஷா தலையில் முக்காட்டோடு நனைந்துகொண்டு நின்றாள். அபர்ணாவின் வீட்டு ஜன்னல்கள் சாத்திக் கிடந்தன. கதவில் பெரிய பூட்டு.

"நான் தட்டிப் பாத்தேன்க்கா. சத்தமில்ல."

"சத்தம் எப்படி வரும்? பேச்சு இல்லங்கியே" என்றாள் லோகநாயகி. "அடிங்க."

பலவேசம் தாழ்ப்பாளுக்குள் கடப்பாரையை விட்டு நெம்பினார். ஆணி பெயர்ந்து வந்தது.

கதவு திறந்ததும் வாடை முதலில் வந்தது. பினாயிலும் இருந்தது. பினாயில் தோற்றுப்போன வாடை. உள்ளறையில் மர பெஞ்சில் குருவம்மாள் கிடந்தாள். மேலே சுத்தமான போர்வை, தலை சீவிப் பின்னியிருந்தது. நெற்றியில் திருநீறு. தலைமாட்டில் டம்ளரில் தண்ணீர் இருந்தது, எட்டாத தூரத்தில். இடது கை பக்கத்தில் ஒரு செங்கலில் போனைச் சாய்த்து, பச்சை ரிப்பனால் செங்கலோடு சேர்த்துக் கட்டியிருந்தது. அந்தக் கையில் ஒரே ஒரு விரல் ஆடியது. திரையில் மஞ்சள் கை நின்றது.

குருவம்மாளின் கண் கதவுப் பக்கம் திரும்பியது. விரல் நிற்கவில்லை.

"வந்துட்டேன் ஆச்சி. போதும். இனி அமுக்காண்டாம்" என்றாள் லோகநாயகி. விரல் நிற்கவில்லை.

எல்லா வகுப்பிலும் முதலில் வந்து கடைசியில் போகிறவள் லோகநாயகிதான். ஆனால் சனிக்கிழமைகளில் அவள் பொம்மையைத் தொட்டதே இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து வருகை போடுவாள். இப்போது எங்கே கையைக் கொடுப்பது என்று தெரியாமல் நின்றாள். நூர்நிஷா அவளை ஒதுக்கிவிட்டு முன்னால் வந்தாள். வகுப்பு முழுக்கப் பீடி சுற்றியவள்தான். தோளுக்கு ஒரு கை, இடுப்புக்கு ஒரு கை.

"இடுப்பப் பிடிங்கக்கா. இழுக்காதீங்க. மாமியாவப் பெரட்டுவோம்ல, அது மாதிரி" என்றாள். சொன்ன பிறகு அந்தப் பெயர் அவளுக்கே உறைத்து, வாயை மூடிக்கொண்டாள்.

புரட்டினார்கள். சார் காட்டிய படங்களில் கடைசிப் படம் முதுகுக்கு அடியில் இருந்தது. பலவேசம் வெளியே போய் ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தார்.

ஆம்புலன்ஸ் கூட்டத்தில் மாட்டிக்கொண்டு வருவதற்கு முன்னால் அபர்ணா வந்துவிட்டாள். யாரோ லாட்ஜுக்குப் போன் போட்டுச் சொல்லியிருக்கிறார்கள். லாட்ஜ் ஏப்ரனைக்கூடக் கழற்றவில்லை. பெயர்ந்த தாழ்ப்பாளைப் பார்த்தாள், லோகநாயகியைப் பார்த்தாள்.

"தெருவுல பொய் சொல்லி, பூட்டு போட்டு, ஒரு மனுஷிய இப்படி அழுக விட்டிருக்கியேட்டி" என்றாள் லோகநாயகி. "நீயா அந்தப் பொம்மைய அப்படிப் பெரட்டுன?"

"காலையில பெரட்டுவேன்க்கா. ராத்திரி பெரட்டுவேன். நடுவுல யாரு பெரட்ட?" அபர்ணாவின் குரல் உயரவே இல்லை. "இவிய மகள் கூட்டிட்டுப் போறேன்னா, கூட்டிட்டுப் போகல. இவிய மகன் பேசுதத நிறுத்தி எம்புட்டோ நாளாச்சு. வேலைக்குப் போகாம நானும் இவியளும் எதத் திங்க? ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனா கூட இருக்க ஆள் வேணும்பாங்க. தெருவுல தெரிஞ்சா, கெழவிய விட்டுட்டு ஊர் மேயப் போறான்னு பேசுவாக. பேசமாட்டாகளா நூரக்கா, நீங்களே சொல்லுங்க."

நூர்நிஷா குனிந்து போர்வையை இழுத்துவிட்டாள்.

"அதுக்காக ஆச்சி விரல எடுத்து வருகை போடுவியா?"

"நீங்கதானக்கா சொன்னீங்க, மூணு தடவ கை வரலன்னா பேர அடிச்சிருவேன்னு. சர்டிபிகேட் வாங்கினா வீட்டோட இருந்து பாக்குத வேலை கெடைக்கும்னீங்க. இவியளுக்கு அந்த ஒரு விரலுதான் ஆடும். 'கை'ன்னு கேட்டா அமுக்கணும்னு ரெண்டு நாள் சொல்லிக் குடுத்தேன். அமுக்குனாக."

"நீ சர்டிபிகேட் வாங்கிக் கேரளாவுக்குப் போயிட்டா இவிய கதி?"

அபர்ணா ஈரக் கையால் மாமியாரின் நெற்றி முடியை ஒதுக்கினாள். குருவம்மாள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவளால் திருப்ப முடிந்தது அவ்வளவுதான்.

"சாகட்டும்னு நெனைக்கலக்கா" என்றாள் அபர்ணா. "நெனைச்சிருந்தா போன வச்சிட்டா போயிருப்பேன்?"

லோகநாயகி கடையில் நின்ற காலத்தில் ஒரு விரலைப் பார்த்து ஆளைப் படித்தவள். இந்த விரல் மாதக்கணக்காக அவள் திரையில் ஆடியிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் இறக்கி விட்டவள் அவள். ஒரு தடவை கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியவளும் அவள்.

குருவம்மாள் அந்த வாரக் கடைசியைப் பார்க்கவில்லை. புண் எலும்பு வரை போய், விஷம் உடம்பில் ஏறிவிட்டது என்றார்கள். ஆஸ்பத்திரியில் லோகநாயகி தினமும் போய் உட்கார்ந்தாள். கட்டிலைக் கடந்து யார் போனாலும், நர்ஸோ, கூட்டுகிற பெண்ணோ, அந்த விரல் விரிப்பின் மேல் எழும்பி எழும்பி விழும். கடைசி நாள் எழும்பவில்லை.

விஜய்பாண்டி சவுதியில் இருந்து வந்து, எல்லாரும் பார்க்கத் தலையில் அடித்துக்கொண்டு அழுதான். அபர்ணாவைக் கொள்ளி வைக்கிற இடம் வரை திட்டினான். போலீஸ் வந்து விசாரித்தார்கள். அபர்ணாவைக் கூட்டிக்கொண்டு போய், இரண்டு நாள் கழித்து அனுப்பினார்கள், மறுபடி கூப்பிட்டார்கள். லோகநாயகியிடமும் கேட்டார்கள். எல்லாவற்றையும் சொன்னாள், வெளியே தள்ளியதையும் சேர்த்து. போலீஸ்காரர் அதை எழுதவில்லை. அது ஒன்றும் குற்றமில்லையே என்றார்.

ஆபீஸ் பெண்ணிடம் இருந்து போன் வந்தது. "வெளிய ரொம்பப் பேச வேண்டாம் மேடம். கிளாஸ் நிக்காம நடக்கட்டும். இந்த வாரம் என்கேஜ்மெண்ட் ரொம்ப இறங்கியிருக்கு."

"இறக்கினது நாந்தான்" என்றாள் லோகநாயகி. அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை.

மறு திங்கட்கிழமை வகுப்பு. லேப்டாப் அரிசி டிரம் மேல் இருந்தது. சாரல் விடவில்லை. அன்று அவள் யாரிடமும் குழம்பு பற்றிக் கேட்கவில்லை. சார் பேச ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் அவள் "கை" என்றாள்.

கைகள் எழும்பின. கறுப்புக் கட்டம், மஞ்சள் கை. கறுப்புக் கட்டம், மஞ்சள் கை. அபர்ணாவின் கட்டம் இருந்த இடத்துக்கு வேறு ஒரு பெயர் நகர்ந்து வந்திருந்தது. லோகநாயகி இறக்குகிற பொத்தான் மேல் விரலை வைத்தாள். அமுக்க முடியவில்லை. இந்தக் கை ஒவ்வொன்றும் யாருடைய கை?

"சார், கொஞ்சம் நிறுத்துங்க" என்றாள். "எல்லாரும் கேமராவப் போடுங்கட்டி. நைட்டியோ பாவாடையோ, எனக்குக் கவலயில்ல. மொகத்தக் காட்டுங்க."

நூர்நிஷா முதலில் போட்டாள், மடியில் பீடித் தட்டோடு. பிறகு ஒரு அடுக்களை தெரிந்தது, ஒரு தொட்டில் தெரிந்தது, மாட்டுத்தொழுவில் ஒரு முகம் தெரிந்தது. சில கட்டங்கள் சொல்லாமல் கொள்ளாமல் மறைந்தன. யார் யார் போகிறார்கள் என்று அவள் பெயரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

கடைசியில் ஒரு கறுப்புக் கட்டம் மட்டும் மிஞ்சியது. சாஜிதா. போகவும் இல்லை, முகமும் காட்டவில்லை. கை நின்றது.

"சாஜிதா. ஏட்டி சாஜிதா, பேசும்மா."

லோகநாயகி அந்தக் கையை இறக்கினாள். அது மறுபடி எழும்பியது.

"நெட்வொர்க்கா இருக்கும்மா" என்றார் ஏசுவடியான் சார். "புள்ளை எதையாவது அமுக்கும். பாடத்தப் பாப்போம்."

மறுபடி இறக்கினாள். எழும்பியது.

லோகநாயகி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். முட்டி கடகடவென்றது. பலவேசம் வாசலில் தேங்காய் மூட்டை தைத்துக்கொண்டிருந்தார்.

"வண்டிய எடுங்க."

"எங்கட்டி?"

"சிவகிரிக்கு."

அவர் வானத்தைப் பார்த்தார். "இந்த மழையிலயா? அங்க ஒண்ணுமில்லன்னா?"

"ஒண்ணுமில்லன்னா திரும்பி வருவோம்" என்றாள் லோகநாயகி, கதவுக்குப் பின்னால் இருந்து கடப்பாரையை எடுத்துக்கொண்டே. லேப்டாப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள். "சார், கிளாஸ முடிச்சிராதீங்க. அந்தக் கைய இறக்காதீங்க. நூரு, நான் போய்ச் சேருத வரைக்கும் அதுகிட்ட பேசிக்கிட்டே இரு."